சோதனை நாற்காலிக்கு எதிரே மாட்டிய படம்

ஜனவரி 9

வர்ணங்களின் பேரரசி, தூரிகைப் படையின் தளபதி, என் ஒரே அக்காவின் ஒரே மகளுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையின் ஏகபோகச் சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

படம் வந்து சேர்ந்தது. "வந்து சேர்ந்தது" என்று ஏதோ மளிகைச் சாமான் மாதிரி எழுதிவிட்டேன், மன்னித்துவிடு. எழுந்தருளியது. பார்சல்காரர் அதைத் தோளில் சுமந்து தெருமுனையில் திரும்பியதும் போக்குவரத்தே நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றிருந்ததுதான் காரணம் என்று பொறாமை பிடித்தவர்கள் சொல்வார்கள். நம்பாதே.

பிரித்தேன். நீ போட்ட முடிச்சுகளை அவிழ்ப்பதற்குள் எனக்கு முடி நரைத்து, கொட்டி, மறுபடி முளைத்துவிட்டது. உள்ளே ஒரு பெண். முதுகு மட்டும். பாத்திரம் கழுவும் தொட்டிமுன் நிற்கிறாள். குழாய் திறந்திருக்கிறது. தோளில் பச்சைத் துண்டு. எதிரே ஜன்னல், ஒரே கறுப்பு. எல்லாவற்றுக்கும் ஓரம் கரைந்து, மழையில் பஸ் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. அது யாருடைய முதுகு என்று நான் கேட்கவில்லை. என் பெருந்தன்மையைக் குறித்துக்கொள்.

எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அம்மாடி! சூரியன் தன் வேலையை ராஜினாமா செய்துவிட்டு உன்னிடம் வண்ணம் குழைக்கக் கற்றுக்கொள்ள வருவதாகக் கேள்வி. உலகத்தில் உள்ள ஓவியர்கள் எல்லாரும் தூரிகையைத் துடைப்பத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டார்கள். போதுமா?

கடையின் பின்னறையில், பவர் பார்க்க உட்காரவைக்கும் நாற்காலிக்கு நேரெதிரே, எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். நாட்டில் பார்வை சரியில்லாதவர்கள் எல்லாரும் முதலில் பார்க்கப்போவது உன் படத்தைத்தான். எந்த ஓவியருக்கு வாய்க்கும் இது?

இப்படிக்கு,
கீர்த்தி மிக்க உன் மாமன்


ஜனவரி 17

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு மடித்து வைத்துவிட்டு அழுகை வருகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா? போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதச் சொன்னேன். எழுதும்போது பொய் சொன்னால் கை வலிக்கும் என்று நினைத்தேன். உங்கள் கைக்கு வலிக்கவே இல்லை.

சின்ன வயதில் நான் காக்கா வரைந்து காட்டியபோதும் நீங்கள் இதையேதான் சொன்னீர்கள். அந்தக் காக்கா பறந்துபோய்விடும், ஜன்னலை மூடு என்று கத்தினீர்கள். நானும் ஓடிப்போய் மூடினேன். அந்தக் காக்காவுக்கும் இந்தப் படத்துக்கும் ஒரே மார்க் என்றால் நான் எதை நம்புவது?

இங்கே நிலைமையைச் சொல்கிறேன். சுவர்ப் பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அரைநாள் வேலை. மீதி அரைநாள் வரைவதற்காகத்தான் பேங்க் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தேன். இந்த நிறம் இல்லை என்று ஜனங்கள் திருப்பிக் கொடுத்த டப்பாக்களை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் சுவரில் இருப்பது முழுக்க அப்படி வேண்டாம் என்று சொல்லப்பட்ட நிறங்கள்தான். இப்போது முதலாளி புதுக் கிளை ஒன்றை என் பொறுப்பில் விடுகிறேன் என்கிறார். முழுநாள் வேலை. பிறகு தூரிகையைத் தொட நேரமே இருக்காது. முதலில் இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிப்ரவரி கடைசி வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார்.

இன்னொரு பக்கம், கண்காட்சி நடத்துகிற ஒரு அம்மாள் புதியவர்களிடம் ஆளுக்கு ஒரு படம் கேட்கிறார். அதுவும் பிப்ரவரி கடைசிக்குள். இந்தப் படத்தின் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல உணர்ச்சி இருக்கு. ஆனா என்ன உணர்ச்சின்னு உனக்கே தெரியலை. தெரிஞ்சா வா" என்றார்.

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கோபம். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போறேம்மா" என்றேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். அன்றிலிருந்து பேச்சும் இல்லை. அந்த முதுகைத்தான் வரைந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தேன். ஆனால் அந்த அம்மாள் சொன்ன பிறகு போட்டோவைப் பார்த்தால் கோபம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். நன்றாக இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். கிளையை ஒப்புக்கொண்டு நிம்மதியாக இருப்பேன்.

இன்னொன்று. அதைக் கடையிலா மாட்டினீர்கள்? அம்மா கண்ணில் படாமல் வையுங்கள் என்று எழுதித்தானே அனுப்பினேன்!

உங்கள் மருமகள்


ஜனவரி 28

வருத்தமே உருவான மருமகளுக்கு, திவாலின் விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்கும் மாமன் எழுதுவது.

உன் படம் என் சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்துவிட்டது. விவரமாகச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்.

புதுக் கண்ணாடி வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? மாட்டிக்கொண்டு எழுத்துப் பலகையைப் பார்ப்பார்கள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். அதோடு போய்விட வேண்டியதுதானே? இப்போது கண் அப்படியே பக்கத்துச் சுவருக்குப் போகிறது. "அய்யய்யோ, அங்க எல்லாம் மங்கலாத் தெரியுதே" என்கிறார்கள். அது படம்தான் அப்படி என்றால் நம்புவதில்லை. "பவர் தப்பாப் போட்டுட்டு படத்து மேல பழியப் போடுறீங்களா?" என்று ஒரு பஸ் டிரைவர் என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே லென்ஸ் தேய்க்கிறவர் ஒரே லென்ஸை மறுபடி மறுபடி தேய்த்துத் தேய்த்து, அது இப்போது வெங்காயத் தோல் கனத்தில் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் தங்களுக்குக் கண் போய்விட்டதாக நினைத்து வீட்டுச் சொத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதைவிடக் குழப்பம், படத்தில் என்ன நடக்கிறது என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஒத்துவருவதில்லை. "அந்தம்மா யாரையோ திட்டிக்கிட்டு இருக்காங்க" என்றார் டிரைவர். தையல் கடைக்காரி, "போய்யா, அழறதை மறைக்கிறாங்க, தண்ணிச் சத்தம் அதுக்குத்தான்" என்றாள். "பாத்திரம் கழுவுறாங்க, வேறென்ன?" என்றார் லென்ஸ் தேய்க்கிறவர். மூன்று பேரும் என் கடையில் என்னை வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். யார் சொல்வது சரி? வரைந்தவள் நீதானே, சொல்லித் தொலை. நான் தீர்ப்பு வழங்க வேண்டும்.

நன்றாக இருக்கிறதா என்று மறுபடியும் கேட்கிறாய். உலகம் தோன்றிய நாளிலிருந்து இதைப்போல ஒன்று

(இந்த வரியை முடிக்கவில்லை. அதற்குள் ஒரு விஷயம். சொல்லிவிடுகிறேன்.)

அக்கா வந்தாள். உன் அம்மாதான். கொஞ்ச நாளாகப் பார்வை சரியில்லை, ஒரு கண்ணாடி போட்டுக் கொடுடா என்று முன்னறிவிப்பே இல்லாமல் நேராகப் பின்னறைக்கு வந்துவிட்டாள். படத்தை எடுக்க நேரமில்லை. நான் ஓடிப்போய் அதன்முன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோழி மாதிரி நின்றேன்.

"என்னடா பண்றே?"

"உடற்பயிற்சி அக்கா. தோள்பட்டைக்கு."

"தள்ளு."

நான் தள்ளி நின்றேன். மன்னாதி மன்னர்கள் எதிர்த்து நிற்க முடியாத குரல் அது, உனக்கே தெரியும். பவர் பார்த்து, ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த ஒரு லென்ஸை ஃப்ரேமில் கோத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். படத்தைப் பார்த்தாள். கழற்றினாள். மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கண்ணாடி எனக்குச் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

குழம்பிய மாமன்


பிப்ரவரி 5

மாமா,

அவ்வளவுதானா? வேறு ஒன்றுமே சொல்லவில்லையா? அது தன் முதுகு என்று தெரிந்ததா தெரியவில்லையா? தெரிந்து அப்படிச் சொன்னாள் என்றால் ஒரு மாதிரி. தெரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். என் சொந்த அம்மாவையே அடையாளம் தெரியாத மாதிரி வரைந்துவிட்டு நான் என்ன ஓவியக்காரி?

யார் சொன்னது சரி என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறீர்கள். வரைந்த அன்றைக்கே கேட்டிருந்தால் டிரைவர் சொன்னதுதான் என்றிருப்பேன். இப்போது தெரியவில்லை. இடது தோளை ஒரு மணல் நிறத்தில் போட்டிருந்தேன். யாரோ படுக்கையறைக்கு வாங்கிப்போய், ரொம்பச் சோகமாக இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்த டப்பா. அதை மறைக்க மேலே சிவப்பு வைத்தேன். காய்ந்ததும் சிவப்பைச் சுரண்டி எடுத்துவிட்டேன். ஏன் சுரண்டினேன்? கோபமாக இருந்தவள் சிவப்பை விட்டுவைத்திருக்க மாட்டாளா? நேற்று கடையில் ஒருவர் வந்து இளமஞ்சள் கேட்டார். நான் என்னென்னவோ கலந்து கொடுத்தேன். "இது என்னங்க, காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கண் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

படத்தைக் கழற்றிவிடுங்கள். தயவுசெய்து.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எனக்கு வருத்தம் இல்லை மாமா. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் சொல்கிறீர்கள், அதுதான். காக்காவுக்கும் சூரியன், அம்மாவுக்கும் சூரியன்.

மருமகள்


பிப்ரவரி 14

மருமகளே,

நீண்ட பட்டத்தோடு ஆரம்பிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. பேனாவில் மை இருக்கிறது, அதுவல்ல காரணம்.

படத்தைக் கழற்ற முடியவில்லை. அக்கா மறுபடியும் வந்தாள். லென்ஸ் சரியில்லை, மாற்று என்றாள். மாற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்தாள், படத்தைப் பார்த்தாள், "இன்னும் சரியா வரலை" என்றாள், போனாள். இரண்டு நாள் கழித்து மறுபடி. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தொழில் மறந்துபோய்விட்டதா எனக்கு? அடுத்த தடவை லென்ஸை மாற்றவே இல்லை. உள்ளே எடுத்துப்போய், பனியன் நுனியால் துடைத்து, அதையே கொண்டுவந்து மாட்டினேன்.

"இப்ப எப்படி அக்கா?"

"கொஞ்சம் பரவாயில்லை" என்றாள். "ஆனா இன்னும் பார்க்கணும்."

அவளை எழுத்துப் பலகை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரியைக் குருவி கொத்துவதுபோல் டக்டக்கென்று வாசித்தாள். பலகை அச்சடித்த கம்பெனியின் பெயரையும் சேர்த்து வாசித்தாள். அதை நானே இதுவரை பார்த்ததில்லை! முதல் நாள் கொடுத்த கண்ணாடியே சரி. அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. அப்படியிருக்க ஏன் வருகிறாள்?

"இதை வரைஞ்சது யாருடா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஏதோ காலண்டர் கம்பெனிக்காரன்" என்றேன். உன் கட்டளைப்படிதான் அந்தப் பொய்.

"காலண்டர்ல வர்ற பொம்பளைங்க துண்டை இப்படியா போடுவாங்க?" என்றாள். நான் காதில் விழாதமாதிரி டிராயரைத் துழாவினேன். அதில் ஒன்றும் இல்லை.

வாடிக்கையாளர் வந்தால் எழுந்து இடம் கொடுக்கிறாள். அவர் போனதும் மறுபடி உட்காருகிறாள். டிரைவர் அவளிடமே போய், "பாருங்கம்மா, யாரையோ திட்டுற மாதிரி இல்ல?" என்று கேட்டுவிட்டார். நான் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

எனக்கு இது என்ன என்று விளங்கவில்லை. என் வாழ்நாளில் நான் பெரிதாக்காமல் சொல்லும் முதல் செய்தி இதுதான்.

மாமன்


பிப்ரவரி 19

மாமா,

இதை நான் நம்பமாட்டேன்.

என் மனசு விட்டுப்போய்விட்டது என்று தெரிந்து, எனக்குத் தைரியம் சொல்வதற்காக இதைக் கட்டியிருக்கிறீர்கள். பெரிதாக்கவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதுதான் எனக்குச் சந்தேகம். அம்மாவாவது, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் படத்தைப் பார்ப்பதாவது. பேங்க் வேலையை விடுகிறேன் என்றதும், "சுவத்துக்கு அடிக்கிற பெயின்ட்ல படமா?" என்று கேட்டவள் அவள். சூரியனை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள், சிரித்துக்கொள்கிறேன். அம்மாவை வைத்து வேண்டாம்.

நீங்கள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருக்கிறது. நிஜத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? உங்களிடமிருந்து வரும் எல்லாம் ஒரே குரலில்தான் வருகிறது.

வருகிற திங்கட்கிழமை... இல்லை, மாதக் கடைசியில் முதலாளியிடம் சரி என்று சொல்லப்போகிறேன். கண்காட்சி அம்மாளுக்கு, என்ன உணர்ச்சி என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதிவிடுவேன். அது உண்மைதானே. படத்தைக் கட்டி அனுப்பிவிடுங்கள். முடிச்சு கெட்டியாகப் போடுங்கள்.

மருமகள்


பிப்ரவரி 23

அன்புள்ள மருமகளுக்கு,

படத்தைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன்.

தொட்டி கோணலாக இருக்கிறது. அதில் தண்ணீர் நிற்காது, வலப்பக்கம் வழிந்துவிடும். குழாய் அந்தச் சமையலறைக்குப் பெரிது. இடது கை கையாகவே இல்லை, ஏதோ கையுறையைக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது. ஜன்னலில் நீ ஒன்றுமே செய்யவில்லை, கறுப்பை அப்பிவிட்டுப் போய்விட்டாய்.

முதுகு சரியாக வந்திருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற முதுகு அது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் அவள். பிரித்த அன்று கடையை அரைமணி நேரம் சாத்திவிட்டு அதன்முன் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் சூரியனைக் கூப்பிட்டேன். அந்த முதுகை வரைந்தவள் மற்றதைக் கற்றுக்கொள்வாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது லென்ஸ்.

நேற்று உன் கடிதம் வந்ததும் படத்தை இறக்கிவைத்துக் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா வந்துவிட்டாள்.

"எங்கடா எடுத்துட்டுப் போறே?"

"அவ கேக்குறா. அனுப்பணும்." வாயில் வந்துவிட்டது. காலண்டர் கம்பெனி காற்றில் போனது.

அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "இதை அவதான் வரைஞ்சான்னு எனக்கு முதல் நாளே தெரியும். உனக்குப் பொய் சொல்லவும் வராது, உடற்பயிற்சியும் வராது" என்றாள்.

"நீ திரும்பிப் பார்க்கலைன்னு அவளுக்குக் கோபம் அக்கா. கோபத்துலதான் வரைஞ்சாளாம்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். படம் தரையில் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"திரும்பலை. திரும்பியிருந்தா அவ போயிருக்க மாட்டா. அவளுக்குக் கட்டி வெச்ச சாப்பாட்டு டப்பாவை எடுக்காமலே போனா. அதைத்தான் கொட்டிக் கழுவிட்டு இருந்தேன். வாசல் கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா அவ. சமையலறை வாசல்ல வந்து நின்னா. கூப்பிடலை. உள்ள விளக்கு எரிஞ்சுது, வெளிய இருட்டு, ஜன்னல் கண்ணாடியில தெரிஞ்சா. நிழலாத்தான் தெரிஞ்சா, மூஞ்சி தெரியலை எனக்கு. அழுதாளா, முறைச்சாளா, ஒண்ணும் தெரியலை. அப்புறம் போயிட்டா. அதுக்கப்புறம்தான் கண்ணாடி போட்டுக்கணும்னு எனக்குத் தோணுச்சு."

எழுந்துகொண்டே, "எனக்கு இடுப்பு இவ்வளவு பெருசு இல்லைன்னு சொல்லு. துண்டும் பச்சை இல்லை, மஞ்சள்" என்றாள்.

நீ திரும்பி வந்தாய் என்பது எனக்குத் தெரியாது. நீ என்னிடம் சொன்னதில்லை. அவள் சொன்னது சரியா தப்பா என்று உனக்குத்தான் தெரியும்.

கயிறு கிடைத்துவிட்டது. ஆனால் கட்டவில்லை. உன் பதிலுக்கு அப்புறம் கட்டுகிறேன்.

மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள மாமா,

திரும்பி வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம், இங்கே என்னோடு அறையில் தங்கியிருக்கிறவளிடம், யாரிடமும். அம்மாவுக்கே தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் பெயின்ட் டப்பாவைக் குலுக்கும் மெஷின் பக்கத்தில் நின்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. நல்லவேளை.

இப்போது யோசித்தால், நான் வரைந்தது "போறேம்மா" என்று சொல்லும்போது பார்த்த முதுகை இல்லை. அப்போது நான் சரியாகப் பார்க்கவே இல்லை, செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைந்தது திரும்பி வந்து நின்றபோது பார்த்ததை. அங்கே நின்றபோது கோபம் இருந்ததா? இருந்தது. கூடவே வேறு என்னவோ இருந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை. அதனால்தான் சிவப்பைச் சுரண்டினேன் போலிருக்கிறது. கண்காட்சி அம்மாளிடம் இன்று அதையே சொன்னேன். பெயர் தெரியவில்லை, ஆனால் எங்கே நின்று பார்த்தேன் என்று தெரியும் என்றேன். "அது போதும், கொண்டு வா" என்றார். படம் நாளைக்குள் வந்து சேராது என்றேன். இந்தக் கண்காட்சி போகட்டும், அடுத்ததுக்கு இரண்டாகக் கொண்டு வா என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

கிளை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு காவியமே எழுதியிருப்பீர்கள்.

"இடது கை கையாகவே இல்லை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்த பிறகுதான் முதுகைப் பற்றி நீங்கள் சொன்னதையும் நம்பினேன். போட்டோவைப் பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் நிற்காதுதான்.

படத்தை அனுப்ப வேண்டாம். அங்கேயே மாட்டுங்கள். வியாபாரம் கெட்டால் கெடட்டும், டிரைவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இரண்டாவது படத்தை ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தடவை அந்த ஜன்னல் மட்டும்தான். வெளியே இருட்டு, கண்ணாடியில் விளக்கு, பின்னால் வாசல். வாசலில் நிற்கிற ஆளை வரைய முடியவில்லை. அங்கே நான் எப்படி இருந்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவிடம் கேட்க வேண்டும். எந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றேன், பை எந்தக் கையில் இருந்தது, எவ்வளவு உயரம் தெரிந்தேன். மூஞ்சி தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரியாதபடியே வரைகிறேன்.

அவளையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டு எழுதாதீர்கள் மாமா. நீங்கள் எழுதினால் வாசலில் யானை நின்றது என்றுதான் வரும்.

உங்கள் மருமகள்